நெவில் பூத்ராய்ட் கொடுத்த வாக்கு

நெவில் பூத்ராய்டின் மூக்கு மொத்தம் பதினோரு முறை உடைந்தது. ஒவ்வொரு முறையும் டாக்டரிடம் போகாமல் மைதானத்திலேயே ஈரத்துணியால் பிடித்து நிமிர்த்திக்கொண்டதால், கடைசியில் அந்த மூக்கு தன் இஷ்டத்துக்கு ஒரு திசையைத் தேர்ந்தெடுத்துக்கொண்டது. கோல்தார்ப்புக்குப் புதிதாக வந்து சுரங்கத்துக்கு வழி கேட்பவர்களிடம், "நெவில் மூக்கு காட்டுற பக்கமா நேரா போ" என்பார்கள். அப்படிக் கேட்டுக்கொண்டு போன ஒரு இன்ஷூரன்ஸ் ஏஜென்ட், நெவில் நடுவில் தும்மியதால் பக்கத்து ஊருக்குப் போய்ச் சேர்ந்து, அங்கேயே கல்யாணம் பண்ணிக்கொண்டு விட்டாராம்.

பதினைந்து வயதில் சுரங்கத்தில் இறங்கியவர் அவர். பதினெட்டில் கோல்தார்ப் ரக்பி அணியில் சேர்ந்தார். நட்சத்திரம் என்று யாரும் அவரைச் சொன்னதில்லை. மழையில் ஊறிய மூட்டைபோலக் கனமாக இருப்பார், மூட்டை போலவே எங்கே இறக்கி வைத்தாலும் கிடப்பார். ஸ்க்ரம் என்று இரண்டு அணியும் குனிந்து முட்டிக்கொள்ளும்போது முன்வரிசையில் மூன்று பேர் நிற்பார்கள் இல்லையா, அதில் நடுவில் நிற்பவர் நெவில். உள்ளே உருட்டிவிடும் பந்தைக் காலால் கொத்திப் பின்னால் தள்ளுவது அவர் வேலை. அதற்கு அவர் தன் இரண்டு கைகளையும் இரண்டு பக்கத்து ஆட்களின் தோள்மேல் போட்டுத் தொங்க வேண்டும். எதிரணிக்காரன் குத்தலாம், கடிக்கலாம், காதைத் திருகலாம். தடுக்கக் கை கிடையாது. பக்கத்துத் தோளுக்குச் சொந்தக்காரன் பார்த்து ஏதாவது செய்தால்தான் உண்டு.

பதினாறு குளிர்காலம் அப்படித் தொங்கினார். அதில் ஏழு அணி மாறினார். மாறினார் என்பதைவிட மாற்றினார்கள் என்பதே சரி. அந்தக் காலத்தில் ஆட்டக்காரன் அணியின் சொத்து. ஆட்டையும் மாட்டையும் கேட்டுவிட்டா விற்கிறார்கள்?

முதலில் வாங்கிய அணி வீடு தருவதாகச் சொன்னது. தந்தார்கள், சாவியோடு போய்த் திறந்தால் உள்ளே ஒரு குடும்பம் உட்கார்ந்து மீன் தின்றுகொண்டிருந்தது. அடுத்த அணி தலைவர் பதவி தருவதாகக் கை குலுக்கிவிட்டு, அதைச் செயலாளரின் மருமகனுக்குக் கொடுத்தது. பந்து எந்தப் பக்கம் கூர் என்றே தெரியாத மருமகன். மூன்றாவது அணி ஒரு ஜோடி கோல் கம்பத்துக்கு அவரைக் கைமாற்றியது. வந்த கம்பத்தை அளந்தால் ஒரு முழம் குட்டை. ஆளைத் திருப்பி அனுப்பு, கம்பத்தைத் திருப்பித் தா என்று இரண்டு அணியும் சண்டை போட்ட மூன்று வாரமும் நெவில் யாருக்கும் சொந்தமில்லாமல் வீட்டில் சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார். இன்னொரு தடவை பயிற்சிக்குப் போகப் பையோடு பஸ் ஏறினார். கண்டக்டர் டிக்கெட் கிழிக்கவில்லை. "இறங்கு நெவில், நீ எதிர்ப்பக்க பஸ்ல போகணும். மத்தியானமே உன்னை வித்துட்டாங்க, கேள்விப்படலியா?" என்றார்.

இத்தனை பேர் சொல் தவறிய பிறகு ஒரு மனிதர் என்ன ஆவார்? தானும் அப்படியே ஆகிவிடலாம். நெவில் வேறு மாதிரி ஆனார். ஏதாவது செய்கிறேன் என்று அவர் வாயைத் திறந்து சொல்லவே மாட்டார்; சொல்லிவிட்டால், பூகம்பம் வந்தாலும் செய்துவிட்டுத்தான் ஓடுவார். "சனிக்கிழமை மாவு சலிச்சுத் தரேன்னு சொன்னீங்களே" என்று மனைவி மேவிஸ் நினைவுபடுத்தினால் போதும், விலா எலும்பு முறிந்த நிலையிலும் சல்லடையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். பணமும் பேரும் சேராத வாழ்க்கையில் அவர் சேர்த்தது அது ஒன்றுதான்.

நான்காவது அணியில் அவருடைய வலது தோளுக்கு வந்து சேர்ந்தான் டெரெக் ஹெப்வர்த். அவனும் கோல்தார்ப்காரன், இரண்டு தெரு தள்ளி. ஆறு வருடம், மூன்று அணி, இரண்டு பேரையும் சேர்த்தே விற்றார்கள், சாஸரோடு கோப்பை விற்பதைப்போல. நெவிலை எவனாவது தொட்டால் டெரெக்கின் கை எங்கிருந்தோ வரும். ஒரு பெரிய வெள்ளிக்கிழமை ஆட்டத்தில் எதிராளி ஒருவன் நெவிலின் காதைக் கடித்தான். டெரெக் அவன் வாய்க்குள் கையை விட்டு, பொய்ப்பல் செட்டை முழுதாகக் கழற்றித் தன் காலுறையில் போட்டுக்கொண்டு மீதி ஆட்டத்தை ஆடி முடித்தான். சாயங்காலம் அந்த ஆள் வந்து பொக்கை வாயோடு கெஞ்சியபிறகு, பீர் டம்ளரில் அலசிக் கொடுத்தானாம்.

முன்வரிசைக்காரர்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. குனிந்தபிறகு அங்கே நடப்பதை நிமிர்ந்தபிறகு யாரிடமும் சொல்லக்கூடாது. நடுவரிடம் கூடாது; எதிராளியைப் பற்றியும் கூடாது. உதடு இரண்டாகக் கிழிந்து நின்றவரிடம் யார் குத்தியது என்று நடுவர் கேட்டதற்கு நெவில், "குனியறப்ப என் முட்டியே பட்டுடுச்சு சார்" என்றவர். எதிராளி மறுவாரம் அவருக்கு அரை டஜன் முட்டை கொண்டுவந்து கொடுத்தான்.

முப்பத்துநான்கில் ஆடுவதை நிறுத்தியபோது கோல்தார்ப்பே அவரைப் பயிற்சியாளராகக் கூப்பிட்டது. கூப்பிட்டவர் அணியின் தலைவர் ஹொரேஸ் லம். கறிக்கடைக்காரர், கடைத்தெருவிலேயே பெரிய கடை. அணி ஜெயித்தால் ஆட்டக்காரர்களுக்குத் தொடைக்கறி, சமன் என்றால் ஈரல், தோற்றால் ஆட்டுத்தலை என்று ஒரு வழக்கம் வைத்திருந்தார். அந்த வருடம் ஊரில் ஆட்டுத்தலைக்குப் பஞ்சமே இல்லை. நெவில் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: உதவிக்கு டெரெக் வேண்டும். முட்டி தேய்ந்து சுரங்கத்தை விட்டு, மாமனார் ரூபார்ப் என்ற சிவப்புத் தண்டுப் பயிர் வளர்க்கும் கொட்டகையில் வேலை செய்துகொண்டிருந்த டெரெக் அப்படி மறுபடி அணிக்குள் வந்தான்.

ஒரு வருடத்தில் ஆட்டுத்தலை குறைந்து ஈரல் ஆனது. தொடைக்கறிக்கு ஒரு ஆள் குறைந்தது: கடைசி வரிசையில் நின்று உயரப் பந்தைப் பிடிக்கவும், நேராக உதைத்துக் கம்பத்துக்குள் அனுப்பவும் தெரிந்த ஒருவன். அப்படி ஒருவன் வேல்ஸில் இருப்பதாக நெவிலின் காதுக்கு வந்தது.

இங்கேதான் சிக்கல். வேல்ஸில் ஆடுவது பதினைந்து பேர் ரக்பி. அதில் காசு வாங்கக்கூடாது, கௌரவம் மட்டும்தான். எங்கள் வடக்கில் ஆடுவது பதின்மூன்று பேர் ரக்பி; காசுக்காகவே பிரிந்து வந்தது. பதினைந்துக்காரன் ஒருவன் எங்கள் பக்கம் வந்து ஒரு நாள், ஒரே ஒரு நாள், பைசா வாங்காமல் ஆடினாலும் போதும். செத்துப்போகும்வரை அவனுக்கு அங்கே தடை. ஆட மட்டுமல்ல, கிளப்பில் காலை வைத்து ஒரு கிளாஸ் பீர் குடிக்கவும் முடியாது. அதனால் பரீட்சைக்கு வருகிறவனுக்கு எங்கள் ஊர்களில் பெயர் கிடையாது. ஆட்டத் தாளில் அவன் இடத்தில் 'வேறொருவர்' என்று அச்சிடுவார்கள். பத்திரிகைக்காரனும் அப்படியே எழுதுவான். மூன்று ஆட்டம் ஆடிப் பார்த்துவிட்டு, பிடித்தால் கையெழுத்துப் போட்டுத் தங்கலாம். பிடிக்காவிட்டால் வந்த சுவடு தெரியாமல் போய்விடலாம். பெயர் தெரிந்தவன் சொல்லமாட்டான். கள்ளச்சாராயம் காய்ச்சியவனைக்கூடக் காட்டிக்கொடுக்கும் ஊர்தான், ஆனால் வேறொருவரைக் காட்டிக்கொடுத்ததில்லை.

ஆள் பிடிக்க வருபவனை வேல்ஸ்காரர்கள் கண்டால் ஆற்றில் எறிவார்கள் என்பதால், நெவில் பிரஷ் விற்பவராக வேஷம் போட்டுக்கொண்டு போனார். வேஷம் பலித்து, வழியிலேயே ஆறு பிரஷ் விற்றுப்போனது. எம்ரிஸ் பிரோசர் என்ற அந்தப் பையனின் வீட்டுக் கதவைத் தட்டியபோது கையில் மிச்சம் ஒரு பாட்டில் கழுவும் பிரஷ்தான். கதவைத் திறந்தவர் எம்ரிஸின் அப்பா. ரயில் சிக்னல்காரர், ஊர் ரக்பி கிளப்பின் தலைவரும் அவரே. பிரஷைப் பார்த்தார். பிறகு நெவிலின் இட்லி போல வீங்கிய காதுகளைப் பார்த்தார்.

"இந்தக் காதை வெச்சுக்கிட்டு எவனும் பிரஷ் விக்கமாட்டான்யா. உள்ள வாங்க, அக்கம்பக்கம் பாக்கறதுக்குள்ள."

உள்ளே டீ கொடுத்தார். பேச்சை வளர்க்கவில்லை. இந்தக் கிராமத்தில் இவனுக்கு மிஞ்சிப்போனால் சுரங்க ஆபீஸில் கணக்குப்பிள்ளை வேலை, வடக்கே போனால் வேறு வாழ்க்கை கிடைக்கலாம், அது எனக்கும் தெரிகிறது என்றார். ஆனால் மூன்று ஆட்டம் ஆடியபிறகு அவனுக்குப் பிடிக்கவில்லை என்றால்? அவன் திரும்பி வந்து என் மைதானத்தில் நிற்க வேண்டும். நடுவில் பெயர் வெளியே வந்தால், தடைக் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டியவன் நான். போடாமல் இருக்கமாட்டேன், அதையும் தெரிந்துகொள்ளுங்கள் என்றார்.

"வெளிய வராது. நான் சொல்றேன்" என்றார் நெவில்.

கிழவர் அந்தக் கோணல் மூக்கைப் பார்த்துவிட்டுக் கையை நீட்டினார்.

எம்ரிஸுக்கு இருபத்தொரு வயது. மேவிஸின் அக்கா பையன் என்று சொல்லி வீட்டு மாடியறையில் தங்க வைத்தார்கள். மேவிஸுக்கு அக்காவே கிடையாது என்பது தெருவுக்கே தெரியும். ஆனாலும் எல்லாரும் அக்கா சௌக்கியமா என்று விசாரித்தார்கள். குளிக்கும்போது அவன் தன் பாஷையில் பாடுவான். பாட்டு கேட்கவென்றே எதிர்வீட்டுப் பெண்கள் ஜனவரிப் பனியில் ஜன்னலைத் திறந்து வைத்து, இரண்டு பேருக்கு ஜன்னி கண்டது. பிள்ளையில்லாத மேவிஸ் அவனுக்குத் தினமும் மாவுக்குள் கறி பொதிந்து ஒரு 'கறி பை' சுட்டுப்போட்டாள். ஒரு நாள் சின்னதாக இருந்தது என்று அவன் முகம் சுளித்ததற்கு, மறுநாள் கார் டயர் அளவுக்கு ஒன்று சுட்டாள்.

லம்மிடம் நெவில் பெயரைச் சொல்லவில்லை. லம்மும் கேட்கவில்லை. "பேரு எனக்கு எதுக்குப்பா? ஆடறானா, அதைச் சொல்லு. தேறினா மூவாயிரம் பவுண்டு தர்றேன்" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். பெயர் தெரிந்தவர்கள் மூன்று பேர்: நெவில், மேவிஸ், டெரெக். டெரெக்கிடம் சொல்லக்கூடாது என்று நெவிலுக்குத் தோன்றவே இல்லை. வலது கைக்குத் தெரியாமல் வாய் எப்படிச் சோறு தின்னும்?

முதல் ஆட்டத்தில் வேறொருவர் நான்கு முறை பந்தைக் கம்பத்துக்குள் அனுப்பினார். இரண்டாவதில் ஆறு. கூட்டம் எழுந்து நின்று, "உதைடா வேறொருவரே, உங்க அம்மா பாக்கறாங்க" என்று கத்தியது. ஊரே தொடைக்கறி தின்றது. எம்ரிஸ் மட்டும் தடுமாறினான். ஒரு நாள் கையெழுத்துப் போடுவேன் என்பான், மறுநாள் அப்பாவின் மைதானத்துப் பக்கத்தில் ஓடும் ஆற்றைப் பற்றிப் பேசுவான். நெவில் அவனை நெருக்கவில்லை. மூணாவது ஆட்டமும் ஆடிட்டுச் சொல்லு, அவசரமில்லே என்று விட்டுவிட்டார்.

மூன்றாவது ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு, வியாழக்கிழமை காலை, எம்ரிஸுக்கு அப்பாவிடமிருந்து ஒரு உறை வந்தது. உள்ளே தெற்கத்திப் பத்திரிகை ஒன்றின் துண்டு. எம்ரிஸ் பிரோசர், இன்ன ஊர், இன்ன கிளப், கோல்தார்ப்புக்கு இரண்டு ஆட்டம் ஆடினார் என்று அதில் தேதியோடு இருந்தது. கூடவே நான்கு வரிக் கடிதம். எம்ரிஸ் அதைச் சாப்பாட்டு மேஜையில் நின்றபடி வாசித்தான். 'நேற்றிரவு குழு கூடியது. கடிதத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். இனி நீ கிளப்புக்கு வர முடியாது. உன் அம்மா நலம்.'

நெவில் தொப்பியை எடுத்துக்கொண்டு நேரே கறிக்கடைக்குப் போனார். எதிரணி ஒற்றன் எவனோ செய்த வேலை, லம்மிடம் சொல்லி அந்தப் பத்திரிகையைப் பிடிக்க வேண்டும் என்றுதான் போனார். லம் ஒரு முதுகெலும்பை நடுவில் வகுந்துகொண்டிருந்தார். கதையைக் கேட்டு ஆச்சரியப்படவில்லை; கத்தி நிற்கவுமில்லை. நடந்தது நடந்துவிட்டது, இனி பையனுக்கு எண்ணூறு பவுண்டுதான் என்றார்.

"மூவாயிரம்னு சொன்னீங்க ஐயா."

"அது அவனுக்குத் திரும்பிப் போக ஒரு இடம் இருந்தப்ப. இப்ப எங்க போவான்? வியாபாரம்ப்பா. நீ சொல்லமாட்ட, தெரியும். அதான் நான் உங்கிட்ட கேக்கல."

யாரிடம் கேட்டீர்கள் என்று நெவில் கேட்கவில்லை. மேவிஸ் கறிக்கடைப் பக்கமே போவதில்லை. அவளுக்கும் லம்முக்கும் ஒரு எலும்புத் துண்டு விஷயமாக எட்டு வருடம் பேச்சில்லை. மிச்சம் ஒரே ஆள்தான்.

ரூபார்ப் கொட்டகைக்குள் பகலிலும் இருட்டு. வெளிச்சம் பட்டால் தண்டு முற்றிப் புளிப்பேறிவிடும் என்பதால் மெழுகுவத்தி வைத்துக்கொண்டுதான் அறுப்பார்கள். அந்த இருட்டில் தண்டுகள் வளரும் சத்தம் கேட்கும், விரல் சொடுக்குகிற மாதிரி. டெரெக் குனிந்து அறுத்துக்கொண்டிருந்தான். நெவிலைப் பார்த்ததும் நிமிர்ந்தான். பிறகு, வேலை கெடுகிறது என்பதுபோல மறுபடி குனிந்துகொண்டான்.

"நீயா டெரெக்?"

டெரெக் இன்னும் இரண்டு தண்டை அறுத்துக் கூடையில் போட்டான். பிறகு அவன் சொன்னான், அவர் கேட்டாரு, நான் பேரைச் சொன்னேன், அவ்வளவுதான், பத்திரிகைக்கு நான் எழுதல என்று. சொல்லச் சொல்ல அவனுக்குக் கோபம் வந்தது.

"எத்தனை நாளைக்கு நெவில்? இந்த வருஷம் ஜெயிப்ப, அடுத்த வருஷம் உன்னை அனுப்பிடுவாங்க. உன்னை அனுப்பாதவன் யாரு, சொல்லு பாப்போம். உங்கூடவே என்னையும் சேத்து அனுப்புவாங்க. சாஸர் மாதிரி. எனக்கு மூணு பிள்ளைங்க. அடுத்த கோச் நீதான்னு லம் கைகுடுத்தாருடா."

"எனக்கும் குடுத்தாரு. ரெண்டு வருஷம் முந்தி. இதே கைதான்" என்றார் நெவில்.

அவர் அடிப்பார் என்று டெரெக் எதிர்பார்த்தான்; மெழுகுவத்தியைக்கூடத் தள்ளி வைத்தான். நெவில் அடிக்கவில்லை. ஆறு வருடம் அந்தத் தோளில் தொங்கிய உடம்பு அது. அந்தத் தோளுக்கு நேராக ஒரு கையை ஓங்க அதற்குத் தெரியவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தார், வெளிச்சம் உள்ளே போய்விடக் கூடாதே என்று அப்போதும் பார்த்துச் சாத்தினார்.

வீட்டில் எம்ரிஸ் அசையாமல் அதே மேஜையில் உட்கார்ந்திருந்தான். மேவிஸ் வைத்த சோறு தொடாமல் ஆறிக் கிடந்தது.

"யாருக்கெல்லாம் தெரியும் என் பேரு?" என்று கேட்டான்.

"எனக்கு. இவளுக்கு. இன்னும் ஒருத்தருக்கு."

"யார் அது?"

நெவில் தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தார். மேவிஸ் அவர் முகத்தைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டுவிட்டாள். "அந்த..." என்று அவள் ஆரம்பிக்கும்போதே, "மேவிஸ், கெட்டில் கொதிக்குது பாரு" என்றார். அடுப்பில் கெட்டிலே இல்லை. ஆனாலும் இத்தனை வருடம் அந்த மனிதரோடு வாழ்ந்தவள், போய்க் காலி அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஏன் சொல்லவில்லை? முட்டாள்தனம்தான். வேறு எந்த ஊரில் எந்தத் தொழில் செய்பவனாக இருந்தாலும் சொல்லியிருப்பான். ஆனால் பதினாறு வருடம் உதட்டைக் கிழித்தவன் பெயரையே சொல்லாமல் நிமிர்ந்து பழகிய ஆளுக்கு, தன் பக்கத்துத் தோளின் பெயர் நாக்குக்கு வரவே இல்லை.

எம்ரிஸ் காத்திருந்து பார்த்தான். "அப்படின்னா இன்னொருத்தர்னு யாரும் இல்லை. நீங்கதான்" என்றான். குரல் உயரவில்லை.

"வெளிய வராதுன்னு உங்கப்பாகிட்ட சொன்னேன். வந்துடுச்சு. அதை நான் திருப்பி எடுக்க முடியாது. உன்னை எண்ணூறுக்கு விக்கவும் விடமாட்டேன். பையை எடு" என்றார் நெவில்.

கோல்தார்ப்புக்கும் ராவன்பிக்கும் நடுவில் ஒரு கால்வாய்ப் பாலம்தான். அந்தப் பாலத்தைத் தாண்டிப் பெண் கொடுப்பதில்லை, எடுப்பதில்லை. ராவன்பி நாய் இந்தப் பக்கம் வந்து குரைத்தால் கோல்தார்ப் நாய்கள் பதில் குரைப்பதில்லை என்று சத்தியம் செய்பவர்கள் உண்டு. அந்தப் பாலத்தில், பட்டப்பகலில், ஊர் பார்க்க, கோல்தார்ப் அணியின் பயிற்சியாளர் தன் அணியின் மிகச் சிறந்த ஆட்டக்காரனின் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

ராவன்பி அணியின் தலைவர் சவப்பெட்டி செய்பவர். எம்ரிஸை ஏற இறங்கப் பார்த்து, ஆறடி ஒரு அங்குலம் என்று வழக்கப்படி மனசுக்குள் குறித்துக்கொண்டார். நெவில் சுற்றி வளைக்கவில்லை. மூவாயிரம், நகராட்சி ஆபீஸில் ஒரு வேலை, வருடத்துக்கு இரண்டு தடவை அம்மா அப்பாவை இங்கே கூட்டிவர ரயில் டிக்கெட், இன்றைக்கே எழுத்தில் என்றார். சவப்பெட்டிக்காரர் அவரைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"சரி. உனக்கு எவ்வளவு?"

"எனக்கு ஒண்ணும் வேணாம்."

"ஒண்ணும் வேணாங்கறவன்தான் கடைசியில ரொம்பக் கேப்பான்" என்று சொல்லிவிட்டு, ஒரு சாட்சியைக் கூப்பிட்டு, நெவில் ஒன்றும் கேட்கவில்லை என்பதையும் காகிதத்தில் எழுதி வாங்கிக்கொண்டார்.

எம்ரிஸ் கையெழுத்துப் போட்டான். வாசல்வரை நெவிலோடு வந்தான். நன்றி சொல்லத்தான் வந்தான் என்று நெவில் நினைத்தார். சொல்லவும் செய்தான், தொகைக்கு. அதன்பிறகு சொன்னான்:

"நான் ஒண்ணும் சின்னப் பிள்ளை இல்ல மிஸ்டர் பூத்ராய்ட். தப்பு பண்ணின மனசுதான் இப்படி ஓடி ஓடிச் செய்யும். அப்பாவுக்கு நானே எழுதிக்கறேன். நீங்க எழுத வேணாம்."

பாலத்தில் திரும்பி வரும்போது அவர் கையில் பை இல்லை. இருந்தும் தோள் சாய்ந்தே இருந்தது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

சனிக்கிழமை ஆட்டத்துக்கான பட்டியல் வெள்ளிக்கிழமை காலையில் கறிக்கடைக் கண்ணாடியில் ஒட்டப்படும். பன்றிக் கால்களுக்கும் ரத்தப் பொரியலுக்கும் நடுவில் அன்று ஒட்டியிருந்த தாளின் அடியில், பயிற்சியாளர் டெரெக் ஹெப்வர்த் என்று இருந்தது. நெவிலுக்கு யாரும் ஆள் அனுப்பிச் சொல்லவில்லை. கூட்டத்தின் பின்னால் நின்று படித்துத் தெரிந்துகொண்டார். முன்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்து வழிவிட்டார்கள், மரியாதைக்காக அல்ல.

அதன்பிறகு ஊரில் அவர் பெயர் துரோகி. சுரங்கக் குளியலறையில் அவர் பக்கத்துக் குழாய் எப்போதும் காலியாக இருந்தது. சாராயக்கடையில் அவர் கேட்ட பீர் நுரை அடங்கிச் செத்தபிறகு வரும். முடிவெட்டுபவர் ஒரு பக்கத்தை மட்டும் வெட்டிவிட்டு, "மிச்சத்தை ராவன்பியில வெட்டிக்கய்யா, அங்கதானே உனக்கு உறவு" என்று துணியை உதறினார். ஆறு வாரம் நெவில் அப்படியே நடந்தார். மேவிஸ் வெட்டிவிடுகிறேன் என்றபோதும் வேண்டாம் என்றுவிட்டார். எவ்வளவு வாங்கினார் என்பதுதான் ஊருக்குத் தீராத கேள்வி. ஐந்நூறு என்று தொடங்கி, ஈஸ்டருக்குள் அது கடற்கரையில் ஒரு பங்களா ஆகிவிட்டது.

மேவிஸ்தான் கொதித்தாள். பையனிடம் போய் நானே சொல்கிறேன், டெரெக் பொண்டாட்டி முன்னாலேயே சொல்கிறேன் என்று கோட்டை மாட்டிக்கொண்டு மூன்று தடவை வாசல்வரை போனாள். மூன்று தடவையும் நெவில், "அவன் பிள்ளைங்க இந்த ஊர்ல வளரணும் மேவிஸ்" என்றார். அவள் கோட்டைக் கழற்றாமல் அடுப்பருகில் உட்கார்ந்து அழுதாள்.

பெரிய வெள்ளிக்கிழமை கோல்தார்ப் மைதானத்தில் ராவன்பியோடு ஆட்டம். எங்கள் பக்கம் அன்றைக்குக் கோயிலைவிட மைதானத்தில்தான் கூட்டம் அதிகம். நெவில் போனார். தான் பதினெட்டு வருடம் சும்மா நுழைந்த வாசலில் காசு கொடுத்து டிக்கெட் எடுத்தார். வாசல்காரக் கிழவர் மீதிச் சில்லறையை அவர் கையில் வைக்காமல் பலகைமேல் வைத்தார்.

எம்ரிஸ் பிரோசரின் பெயர் ஆட்டத் தாளில் முழுசாக அச்சாகியிருந்தது. ஐந்து முறை உதைத்துப் பத்துப் புள்ளி எடுத்தான். கடைசியில், நடுக்கோட்டுக்கு இப்பால் பந்தைப் பிடித்து, நெவில் நின்ற வேலியோரமாகவே நான்கு பேரைத் தாண்டி ஓடிக் கோட்டுக்கு அப்பால் விழுந்தான். அந்த ஓட்டம் போன மாதம் நெவில் சொல்லிக் கொடுத்தது. இடது காலை ஒரு கணம் பொய்யாக வைக்கும் அந்த வித்தையும்கூட. ராவன்பி பத்தொன்பது, கோல்தார்ப் எட்டு. ஆட்டுத்தலைதான்.

விசில் ஊதியதும் டெரெக் மைதானத்துக்குள் போனான். தோற்ற அணியின் பயிற்சியாளர் ஜெயித்தவர்களுக்குக் கைகொடுப்பது மரியாதை. வரிசையாகக் கொடுத்துக்கொண்டே எம்ரிஸிடம் வந்தான். எம்ரிஸ் அவன் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டான். "நீங்க ஒருத்தர்தான் இங்க எங்கிட்ட நேர்மையா இருந்தீங்க" என்றான். வேலியோரம் நின்ற எல்லாருக்கும் அது கேட்டது.

டெரெக்கின் முகம் வேகவைத்த பீட்ரூட் நிறத்துக்குப் போனது. கையை உருவிக்கொள்ளப் பார்த்தான், எம்ரிஸ் விடவில்லை. டெரெக்கின் கண் நேரே வேலிக்கு வந்து, நெவிலைத் தேடிப் பிடித்து, அங்கேயே நின்றது. நெவில் ஒரு வார்த்தை சொன்னால் போதும். பத்தடி தூரம்தான். பக்கத்தில் முப்பது நாற்பது பேர்.

நெவில் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். எம்ரிஸ் திரும்பி, அவரைத் தாண்டி, ஒரு கம்பத்தைத் தாண்டிப் போவதுபோலத் தாண்டிப் போனான்.

பஸ்ஸில் இடம் இருந்தது, ஆனால் யாரும் பையை நகர்த்தவில்லை. நடந்தே வந்தார். மேவிஸ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். யார் ஜெயித்தது என்று கேட்கவில்லை.

"பிள்ளை உங்ககிட்ட பேசினானா?"

"பேசினான்" என்றார் நெவில். காலணியின் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தார்.

"என்ன கேட்டான்?"

"நீ சுடற கறி பையைப் பத்திக் கேட்டான். ராவன்பியில தங்கியிருக்கற வீட்டுக்காரம்மா சுடறது வாயில வைக்க முடியலியாம்."

மேவிஸ் அவர் குனிந்த தலையை, ஒரு பக்கம் மட்டும் வளர்ந்திருந்த முடியைப் பார்த்தாள். அவர் வாழ்நாளில் அவளிடம் பொய் சொல்லி அவள் கேட்டதில்லை. அதனால் எப்படித்தான் சொல்வார் என்று அவளுக்குத் தெரியாது. இருந்தாலும் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை.

"அந்தப் பொம்பளை கொழுப்பைச் சரியா உருக்கமாட்டா. அப்பவே நெனச்சேன்" என்றாள். அவர் தட்டில் இருந்ததோடு இன்னும் இரண்டு உருளைக்கிழங்கை எடுத்து வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்தாள்.